ஆவாரங்குச்சியும் ஒரு அட்டவணையும்

அன்புள்ள ஐயா,

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்ற கணினி விளையாட்டில் ராஜேந்திர சோழன் படையெடுப்பு ஒரு பகுதியாக வருகிறது. அதில் பெயர்கூட இல்லாத ஒரு வாள்வீரனை வைத்து இவன் தொடர்கதை எழுதுகிறான். இதுவரை 23 அத்தியாயம். பரீட்சையில் சமூக அறிவியல் 41, அறிவியல் 44. ஆனால் கதையில் எனக்கே தெரியாத விஷயமெல்லாம் வருகிறது. அதனால் பாடத்துக்கு ஒரு அத்தியாயம் என்று அட்டவணை போட்டு எழுத வைக்கலாம் என்று நினைக்கிறேன். அட்டவணையையும் கதையையும் இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். அடுத்தவர் உருவாக்கியதை எடுத்து எழுதுவது திருட்டு ஆகாதா? ராத்திரி வெகுநேரம் முழிக்கிறான், கண் கெடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம்), சென்னிமலை

அன்புள்ள அம்மணி,

கண்ணுக்குக் கண் டாக்டர் இருக்கிறார். திருட்டு என்றால் கம்பனிலிருந்து ஆரம்பித்து எல்லோரையும் உள்ளே தள்ள வேண்டும். இரண்டையும் விட்டுவிடுவோம்.

கதையை ஒரே மூச்சில் படித்தேன். ஒற்றுப்பிழை மலிந்து கிடக்கிறது, இருக்கட்டும். 12ஆம் அத்தியாயத்தில் ஒரு கொல்லன் காட்டில் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, இரும்பை நெய் மாதிரி உருக்கி ஊற்றி வாள் செய்கிறான். சிரித்துவிட்டேன். 17இல் அதே கொல்லன் வேறு ஆளாக வருகிறான். உமி கலந்து பிசைந்த மண்ணில் குகை, அதாவது உலோகம் உருக்கும் மண்கிண்ணம், செய்கிறான். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியைப் போட்டு, மேலே எருக்க இலையை வைத்து, மண்ணால் வாயை அடைத்து உலையில் ஏற்றுகிறான். “திறக்காதே, காற்றுப் போனால் கெட்டது” என்று துருத்தி ஊதுகிற பையனை அதட்டுகிறான்.

12க்கும் 17க்கும் நடுவில் உங்கள் மகன் எங்கேயோ போய்த் தேடிவிட்டு வந்திருக்கிறான். எங்கே என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்லது.

2022இல் அந்த விளையாட்டில் திராவிடர்கள் என்று ஒரு நாகரிகத்தைச் சேர்த்தார்கள். கோட்டையில் ‘வூட்ஸ் ஸ்டீல்’ என்று, நம் பக்கத்துப் பழைய எஃகின் பெயரில், ஒரு பொத்தான். அமுக்கினால் சற்று நேரத்தில் நம் வீரர்களின் வாளுக்கு எதிரியின் கவசம் ஒரு பொருட்டே இல்லை. அவ்வளவுதான். யார் உருக்கினார்கள், எதில் உருக்கினார்கள் என்று விளையாட்டு சொல்வதில்லை, அதற்குத் தேவையும் இல்லை. கதை எழுதுகிறவனுக்குப் பொத்தான் கிடையாது. அவனுக்கு ஒரு கொல்லன் வேண்டும், அந்தக் கொல்லனுக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். சுத்தமான இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும், சுள்ளித் தீ அதற்குப் பக்கத்திலேயே போகாது. குச்சியும் இலையும் மூடின குகைக்குள் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறினால் உருகுநிலை இறங்கும். வூட்ஸ் என்பது அப்படிச் சுமார் 1.5 சதவீதம் கரி ஏறிய எஃகு. பாடப் புத்தகத்தில் இது உலோகவியல். உங்கள் மகனுக்கு, கொல்லன் பொய்யனாகிவிடக் கூடாதே என்ற பதைப்பு. நொய்யல் கரையில், உங்கள் ஊரிலிருந்து எட்டின தூரத்தில் கொடுமணல் என்ற பழங்கால ஊர் இருக்கிறது. அங்கே தோண்டியபோது உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. அது அவனுக்குத் தெரியுமோ என்னவோ. சொல்லித் தொலைக்காதீர்கள்.

1980இல் நானும் ஒன்பதாவது. ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் துப்பறிவாளனை எடுத்து, அடுத்த வாரம் வரைக்கும் பொறுக்க முடியாமல் நானே எழுதிக்கொண்டிருந்தேன். பிப்ரவரி 16ஆம் தேதி சூரிய கிரகணம் வரப்போகிறது என்று ஊரே பேசியது. சும்மா விடுவேனா, கதையிலும் ஒரு கிரகணத்தை வைத்து, அந்த இருட்டில் வில்லனைத் தப்பவிட்டேன். பக்கத்து பெஞ்சுக்காரன் படித்துவிட்டு, “ஏன்டா, முந்தின ராத்திரி பௌர்ணமின்னு எழுதியிருக்க, மறுநாள் எப்படிடா கிரகணம்?” என்றான். உடம்பெல்லாம் கூசிவிட்டது. அன்று ராத்திரி அரிக்கேன் விளக்கைச் சூரியனாக வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சொம்பைச் சுற்றி நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். அமாவாசையில்தான் முடியும் என்று புரிந்தது. அப்படியானால் ஏன் ஒவ்வொரு அமாவாசைக்கும் வருவதில்லை? நிலாவின் பாதை ஐந்து டிகிரி சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இன்னும் நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வாள்.

பிறகு நோட்டு அப்பா கையில் சிக்கியது. அவர் வாத்தியார். அடிப்பார் என்று நினைத்தேன். பெருமைப்பட்டார், அதுதான் வினை. சித்தப்பாவைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினார். கிரகணம் வந்த பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் ஐந்து கேள்வி எழுதி, ‘விடை எழுதுக’ என்று போட்டார். “அடுத்தது ஒளிச்சேர்க்கையை வச்சு ஒரு அத்தியாயம் எழுதுடா தங்கம்.” ஐந்துக்கும் விடை எழுதினேன். துப்பறிவாளன் அந்த இருட்டிலேயே நின்றுவிட்டான், இன்றுவரை.

நீங்கள் அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். ‘திங்கள்: ஒளி எதிரொளிப்பு (வீரன் கண்ணாடி பார்க்கிறான்). செவ்வாய்: நேரியல் சமன்பாடு (குதிரைகளை எண்ணுகிறான்).’ அம்மணி, நாளைக்குப் போருக்குப் போகிறவன் எதற்குக் கண்ணாடி பார்க்கிறான்? உங்கள் வாள்வீரன் போர்க்களம் போவதற்கு முன்பே செத்துவிடுவான். கிழித்துப் போடுங்கள். 44 வாங்கினதற்கு டியூஷன் வைப்பதானால் தனியாக வையுங்கள். இந்த நோட்டின் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

20ஆம் அத்தியாயத்தில் ஐப்பசியில் நாகப்பட்டினத்திலிருந்து கடாரத்துக்குக் கப்பலை அவிழ்த்துவிட்டிருக்கிறான். வடகிழக்குக் காற்று முகத்தில் அறைகிற மாதம், புயல் மாதமும்கூட. 2018இல் கஜா வேதாரண்யத்தில் கரையேறியது ஐப்பசி முடிகிற நேரத்தில்தான். எனக்கே கை துறுதுறுக்கிறது. ஆனாலும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது. அவனுக்கும் ஒரு பக்கத்து பெஞ்சுக்காரன் இருப்பான்.

19இல் உலையை உடைத்துவிட்டு ஓடினானே அந்தக் கொல்லன், அவன் என்ன ஆனான்? பையனிடம் கேட்டு எழுதுங்கள். இல்லை, வேண்டாம். கேட்காதீர்கள், நான் காத்திருக்கிறேன்.