கூழ்மத்தில் நெரிசல்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 100 நானோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் லேட்டெக்ஸை (நீரில் பரவிய பிளாஸ்டிக் துகள்கள்), பாட்டிலில் இருந்த 30 சதவீதச் செறிவிலேயே டி.எல்.எஸ். கருவியில் (சிதறும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து துகளின் அளவைக் கணிப்பது) வைத்தேன். நெரிசலில் துகள் மெதுவாக நகரும், எனவே அளவு பெரிதாகத் தெரிய வேண்டும். கருவியோ 100-ஐவிட மிகக் குறைவாகக் காட்டுகிறதே?

பதில்: துகள் மெதுவாகத்தான் நகர்கிறது. கருவிதான் வேறொன்றைப் பார்க்கிறது. ஒளி ஒரே முறை சிதறி வருகிறது என்பது அதன் கணக்கு. பாலாக வெளுத்த மாதிரியில் ஒளி பல துகள்களில் பட்டு வெளியே வரும். அந்த ஒளியின் ஏற்ற இறக்கம் வேகமாகும். வேகம் என்றால் சிறு துகள் என்று கருவி முடிவுகட்டிவிடும். அடுத்து, அது பார்ப்பது தனித்துகளின் நடமாட்டத்தை அல்ல, கூட்டத்தின் அடர்த்தி மாற்றத்தை. ஒன்றையொன்று தள்ளும் துகள்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் சட்டென்று கலையும். ஆக, கூட்டு விரவல் (அடர்த்தி மாற்றம் கலையும் வேகம்) கூடும். தனி விரவல் (ஒரு துகள் அலைந்து பரவும் வேகம்) குறையும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

25 டிகிரி நீரில் தனியாக உள்ள உங்கள் துகளின் விரவல் எண் நொடிக்கு சுமார் 4.9 சதுர மைக்ரோமீட்டர். கன அளவில் 10 சதவீதம் துகள் இருந்தால், அண்டைத் துகளை முட்டும் முன்பே இது ஏறக்குறைய 18 சதவீதம் குறையும்; 30 சதவீதத்தில் பாதியாகும். இதுதான் குறுநேர விரவல். துகள் நகர நீர் விலக வேண்டும். சுற்றிலும் துகள்கள் நிற்பதால் நீருக்கே வழியில்லை. நெடுநேர விரவலில் இன்னொரு தடையும் சேரும்: அண்டைத் துகள்களே கூண்டாகின்றன, அவை விலகினால்தான் வெளியேற முடியும். கடினக் கோளங்கள் (தொட்டால் மட்டுமே தள்ளும் துகள்கள்) படிகமாக அடுக்கத் தொடங்கும் செறிவு, அதாவது உறையும் செறிவு, 49.4 சதவீதம்; அதில் நெடுநேர விரவல் குறுநேர விரவலில் பத்தில் ஒரு பங்குதான்.

அளவு மட்டும் வேண்டுமென்றால் நீர்க்கச் செய்யுங்கள். வெறும் நீரில் அல்ல, 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்த 10 மில்லிமோலார் உப்புக் கரைசலில். உப்பில்லா நீரில் துகள்களின் மின்விலக்கம் (ஒரே மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளுவது) நெடுந்தூரம் எட்டுவதால் அளவு சில நானோமீட்டர் கூடித் தெரியும். மாதிரி மங்கலாகத் தெரிந்தால் போதும். மேலும் பாதியாக நீர்த்து அளந்து பாருங்கள். விடை மாறினால் செறிவு இன்னும் அதிகம். வெப்பநிலை நிலைக்கும் வரை பொறுங்கள்: ஒரு டிகிரி பிசகினால் அளவுக் கணக்கில் வரும் நீரின் பாகுநிலை 2 சதவீதம் பிசகும்.

கேள்வி: மேலே சொன்ன கன அளவுச் சதவீதத்துக்குப் பதில் எடைச் சதவீதத்தையே கணக்கில் போடலாமா?

பதில்: பாலிஸ்டைரீனுக்கு (அடர்த்தி 1.05) பெரிய பிழை வராது. சிலிக்காவுக்கு ஆகாது, அடர்த்தி 2 என்றால் எடையில் 30 சதவீதம் என்பது கன அளவில் 17.6 சதவீதம்தான். மேற்பூச்சையும் மறக்காதீர்கள். 100 நானோமீட்டர் துகளின் மேல் 10 நானோமீட்டர் பாலிமர் படலம் இருந்தால் கன அளவு 1.73 மடங்கு. 30 சதவீதம் என்று நினைத்தது உண்மையில் 52. உறையும் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்!

கேள்வி: எந்தச் செறிவில் நகர்வு நின்றுபோகும்?

பதில்: கடினக் கோளங்களுக்குச் சுமார் 58 சதவீதத்தில் கண்ணாடி நிலை (துகள்கள் ஒழுங்கின்றியே சிக்கி நிற்கும் நிலை) வருகிறது. பியூசி, வான் மெகன் இருவரும் 1986-இல் பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக் துகள்களில் காட்டினார்கள். அப்போதும் கூண்டுக்குள் துகள் துடித்துக்கொண்டே இருக்கும். இம்மாதிரிகளில் அளக்கும் முன் உருட்டிக் கலக்கி, ஒவ்வொரு முறையும் ஒரே கால அளவு ஆறவிடுங்கள். வைத்திருக்க வைத்திருக்க வேகம் குறைந்துகொண்டே போகும் என்பதால் நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒத்துப்போகாது.