லோ பவர் டிவி நிலையத்தில் டிரான்ஸ்மிட்டர் முழுப் பவர் காட்டியும் வீடுகளில் படம் ஏன் உடைகிறது?

கேள்வியில் சொன்ன நிலைமை இது: அமெரிக்காவின் சிற்றூர் ஒன்றில் யுஎச்எஃப் என்னும் உயர் அலைவரிசைப் பட்டையில் இயங்கும் லோ பவர் டிவி நிலையம், டிஜிட்டல் ஒளிபரப்பு. டிரான்ஸ்மிட்டர் மீட்டரில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பல வீடுகளில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சிலருக்கு சேனலே சிக்கவில்லை.

வாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு முதலில் எம்இஆர் அளவை, அதாவது அனுப்பும் டிஜிட்டல் சிக்னல் எவ்வளவு சுத்தம் என்பதை டெசிபெலில் சொல்லும் எண்ணை, பாருங்கள். அனலாக் காலத்தில் சிக்னல் கெட்டால் புள்ளி புள்ளியாக வரும், ஆனாலும் முகம் தெரியும். 8விஎஸ்பி என்னும் அமெரிக்க டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் வீட்டு டிவிக்குச் சுமார் 15 டெசிபெல் சிக்னல்-இரைச்சல் விகிதம் கிடைத்தால் படம் சுத்தம். அதற்கு ஒரு டெசிபெல் கீழே போனால் ஒன்றுமே இல்லை.

நம் ஊர் கேபிள்காரர் நடத்தும் லோக்கல் சேனலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது எஃப்சிசி என்னும் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் உரிமம் பெற்று, ஆண்டெனா வழியே காற்றில் போகும் ஒளிபரப்பு. 1982இல் தொடங்கிய இந்தப் பிரிவில் கடைசி அனலாக் நிலையங்களுக்கு, அலாஸ்கா நீங்கலாக, 2021 ஜூலை 13 வரைதான் கெடு. உச்ச வரம்பு யுஎச்எஃபில் 15 கிலோவாட், அதற்குக் கீழுள்ள விஎச்எஃப் பட்டையில் 3 கிலோவாட். பெரிய நிலையங்கள் யுஎச்எஃபில் 1000 கிலோவாட் வரை போகலாம். அதனால் இங்கே ஒவ்வொரு டெசிபெலும் காசு.

அந்த 15 கிலோவாட் என்பது ஆண்டெனாவிலிருந்து கிளம்பும் பயனுறு திறன். 1000 வாட் டிரான்ஸ்மிட்டர், ஃபில்டரிலும் கேபிளிலும் சேர்த்து 1.2 டெசிபெல் இழப்பு என்றால் ஆண்டெனாவுக்குப் போய்ச் சேருவது 760 வாட். 12.9 டெசிபெல் கெயின் (அலையைக் குவிக்கும் திறன்) உள்ள ஆண்டெனா அதைச் சுமார் 14.8 கிலோவாட்டுக்குச் சமமாக்குகிறது. கேபிளில் கஞ்சத்தனம் பார்த்தால் இந்தக் கணக்கு கவிழும்: 600 மெகாஹெர்ட்ஸில் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலான கேபிள் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 3 டெசிபெல், அதாவது பாதிப் பவரைத் தின்றுவிடும். 1⅝ அங்குலக் கேபிளில் இழப்பு 2 டெசிபெலுக்குள் அடங்கும்.

இப்போது எம்இஆர். டிரான்ஸ்மிட்டரே 20 டெசிபெல் தரத்தில் அனுப்பினால், அதன் சொந்த இரைச்சல் வழியில் சேரும் இரைச்சலோடு கூடிக்கொள்ளும். வீட்டில் 15 போதும் என்றிருந்தது கிட்டத்தட்ட 16.6 ஆகிவிடும். பவரில் மூன்றில் ஒரு பங்கைக் கொட்டிக் கவிழ்த்ததற்குச் சமம். 27 டெசிபெல் இருந்தால் அந்த நஷ்டம் 0.3 டெசிபெல்தான். டிஜிட்டல் டிவித் தரங்களை வகுக்கும் ஏடிஎஸ்சி அமைப்பு பரிந்துரைக்கும் கீழ் எல்லையும் 27தான். 33க்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது.

எம்இஆர் எங்கே கெடும்? பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு விரட்டுவதால். அலைவரிசைகளை வரைபடமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில், சேனலின் 6 மெகாஹெர்ட்ஸ் மேடைக்கு இரு பக்கமும் தோள்கள் உயர்ந்து நிற்பதைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தோள்கள் பக்கத்துச் சேனலுக்குள் போகாமல், டிரான்ஸ்மிட்டருக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே உள்ள மாஸ்க் ஃபில்டர் வெட்டிவிடும். ஆனால் சேனலுக்கு உள்ளே விழுந்த அழுக்கை எந்த ஃபில்டராலும் எடுக்க முடியாது. சிக்னலை உருவாக்கும் எக்ஸைட்டரின் முன்திருத்தம்தான், அதாவது ஆம்ப்ளிஃபையர் செய்யும் கோணலை முன்கூட்டியே எதிர்த்திசையில் சரிக்கட்டுவதுதான், வழி. ஃபில்டரே சேனலின் விளிம்புகளில் காலதாமதத்தை உண்டாக்கும் என்பதால் அதற்கும் திருத்தம் வேண்டும். அதனால் ஆம்ப்ளிஃபையர் வெளியீட்டில் ஒரு சிக்னல் மாதிரி, ஃபில்டருக்குப் பிறகு ஒரு சிக்னல் மாதிரி என இரண்டு இடத்தில் எடுங்கள். ஃபில்டருக்கு முன் மட்டும் எடுத்துவிட்டு எல்லாம் சரி என்று நினைப்பது அடிக்கடி நடக்கிறது. எம்இஆர் காலையில் 33 காட்டி மதியம் 28க்கு இறங்கினால் அறையின் வெப்பத்தையும் ஏசியையும் சந்தேகியுங்கள். சூட்டில் ஃபில்டர் டியூனிங் நகரும். ஆம்ப்ளிஃபையர் பலகை மாற்றினால் திருத்தத்தை மறுபடி ஓட்டியே ஆக வேண்டும்.

எம்இஆர் நன்றாக இருந்தும் டவருக்குப் பக்கத்து வீடுகள்தான் புகார் சொல்கின்றன என்றால் ஆண்டெனாவின் சாய்வைப் பாருங்கள். ஊரைவிட 300 மீட்டர் உயரமான மலையில் டவர், ஊர் 5 கிலோமீட்டர் தள்ளி என்றால் ஊர் கிடைமட்டத்துக்கு 3.4 டிகிரி கீழே இருக்கிறது. கெயின் அதிகமான ஆண்டெனாவின் செங்குத்துக் கற்றை ஒடுக்கமானது. சாய்வு கொடுக்காவிட்டால் சிக்னல் ஊரின் தலைக்கு மேலே போய்விடும்.

சேனலே சிக்காதவர்களின் கதை வேறு. அங்கே பிஎஸ்ஐபி அட்டவணைகளை, அதாவது சேனல் விவரங்களை டிவிக்குச் சொல்ல சிக்னலோடு அனுப்பும் பட்டியல்களை, திறந்து பாருங்கள். அவற்றில் விசிடி என்னும் சேனல் பட்டியலில் உள்ள டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் (மொத்த டிஜிட்டல் ஓட்டம்) எண்ணும் நிகழ்ச்சி எண்ணும், அந்த ஓட்டத்தில் என்னென்ன நிகழ்ச்சிகள் உள்ளன என்று சொல்லும் பிஏடி பட்டியலில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒரு டிவி காட்டும், இன்னொன்று தாண்டிப் போய்விடும்.

உள்ளே அடைக்கும் அளவும் கவனிக்க வேண்டியது. மொத்தக் கொள்ளளவு நொடிக்கு 19.39 மெகாபிட். எம்பெக்-2 என்னும் வீடியோச் சுருக்க முறையில் ஒரு எஸ்டி (சாதாரணத் தெளிவு) துணைச் சேனலுக்கு 2 முதல் 3 மெகாபிட் என வைத்தால் ஆறேழு சேனல் அடங்கும். பத்து சேனல் திணித்துவிட்டு விளையாட்டு ஒளிபரப்பில் படம் சதுரம் சதுரமாகிறது என்றால் அது ஆண்டெனாக் கோளாறு அல்ல. ஸ்டுடியோவிலிருந்து டவருக்கு வெறும் யுடிபியில் (பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத முறை) இணையம் வழியே அனுப்புகிறவர்கள் எஸ்ஆர்டி முறைக்கு மாறுங்கள். தொலைந்த பாக்கெட்டை மீண்டும் கேட்டு வாங்கும் வசதி அதில் உண்டு.

சட்ட நிலையும் தெரிந்திருக்கட்டும்: லோ பவர் என்பது இரண்டாம் நிலைச் சேவை. பெரிய நிலையத்தின் இடையூறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், தான் இடையூறு தரக் கூடாது. 2017இல் முடிந்த அலைவரிசை ஏலத்தில் 38 முதல் 51 வரை சேனல்கள் செல்போன் சேவைக்குப் போனபோது ஏராளமான லோ பவர் நிலையங்கள் இடம் மாறின. அப்படி மாறும்போது டிவியில் தெரியும் எண் பழையதாகவே இருக்கும், உண்மையான அலைவரிசை வேறாகிவிடும். டவரில் ஒரு கோளாறும் இல்லாமலே ஊர் முழுக்க 'சேனல் போச்சு' என்று போன் வரும். மாறும் தேதிக்கு முன்பே திரையின் அடியில் ஓடும் வரியில் ரீஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கூடவே டிவியில் 'கேபிள்' அல்ல, 'ஆண்டெனா' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் போடுங்கள்.