கனூவும் சின்ன மோட்டரும்: வாசகர் கேள்விகள்

ஏரிகளில் பனிக்கட்டி உருகத் தொடங்கியதும், துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சின்னப் படகான கனூ பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். இம்முறை எல்லாமே ஒன்ராறியோவிலிருந்து வந்தவை.

கேள்வி (ஸ்காபரோ): நாங்கள் இருவர், 8, 11 வயதில் இரண்டு பிள்ளைகள். சனி, ஞாயிறில் கவார்த்தா ஏரிகள் பக்கம் போய் மீன் பிடிக்க ஆசை. துடுப்புப் போட்டுப் பழக்கம் இல்லாதபடியால் மோட்டரும் வேண்டும். கடையில் கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழையில் செய்த 16 அடிக் கனூவும் 55 இறாத்தல் உந்துவிசை மின்மோட்டரும் எடுக்கச் சொல்கிறார்கள். எங்களிடம் இருப்பது 2,500 டொலர். என்ன செய்யலாம்?

பதில்: கடைக்காரர் காட்டிய இரண்டும் நல்ல பொருட்கள்தான், ஆனால் உங்கள் தேவைக்கு உரியவை அல்ல. 2,500 டொலரில் 13 வீத வரியைக் கழித்தால் பொருளுக்கு மிஞ்சுவது 2,200 அளவு. கெவ்லார் கனூ மட்டுமே அதை விழுங்கிவிடும்.

கெவ்லாருக்கு இவ்வளவு விலை கொடுப்பது பாரம் குறைவதற்காக. 16 அடி கெவ்லார் கனூ 40, 50 இறாத்தலுக்குள் நிற்கும். அதே நீளத்தில் பொலிஎதிலீன் பிளாஸ்ரிக் என்றால் 80 இறாத்தலைத் தாண்டும். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் காட்டுப்பாதையில் தோளில் சுமந்து போகிறவருக்கு அது பெரிய வித்தியாசம். உங்களுக்குக் காரிலிருந்து தண்ணீர் வரைதான் தூக்கவேண்டும். ஆனால் கார் கூரைக்கு ஏற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கடையிலேயே இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தலைக்குமேல் தூக்கிப் பாருங்கள். முடியாவிட்டால் ஃபைபர் கிளாஸ் நடுவழி. 60 இறாத்தலை ஒட்டி வரும். கூரை எவ்வளவு தாங்கும் என்பது கார்க் கையேட்டில் இருக்கும். றாக்கின் பாரத்தையும் அதற்குள்தான் கணக்கிட வேண்டும்.

நீங்கள் தேடவேண்டியது அகலம். வழமையான கனூ 35, 36 அங்குலம் இருக்கும். மீன் மாட்டினால் பிள்ளைகள் இரண்டுபேரும் ஒரே பக்கம்தான் சாய்வார்கள், சொல்லிப் பயனில்லை. பின்முனை கூராக இல்லாமல் தட்டையாக வெட்டியிருக்கும் கனூக்கள் உண்டு. மோட்டரை நேராகப் பின்னால் பூட்டலாம். நோர்த் பேயில் செய்யும் ஸ்போர்ட்ஸ்பால் அலுமினியக் கனூவிலும் அந்த வகை கிடைக்கிறது. நல்ல அகலம், இருபக்கமும் நுரைப்பட்டை, பாரமும் குறைவு. துடுப்புப் பிரியர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், காற்றடித்தால் கொஞ்சம் இழுபடவும் செய்யும். பிள்ளைகளோடு மீன் பிடிக்கப் போகிறவர் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. பாவித்தது கிடைத்தால் இன்னும் நல்லது.

எதை வாங்கினாலும், எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று செய்த நிறுவனம் சொல்லும் கொள்ளளவு எண்ணைப் பாருங்கள். நான்கு பேர், மோட்டர், பற்றரி, மீன்பிடிச் சாமான், சாப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் கூட்டினால் அந்த எண்ணுக்கு நன்றாகக் கீழே நிற்கவேண்டும். அது உச்ச அளவு, வசதியான அளவு அல்ல.

இனி மோட்டர். 12 வோல்ட் மின்மோட்டர் முழு வேகத்தில் 1 இறாத்தல் உந்துவிசைக்கு ஏறத்தாழ 1 அம்பியர் இழுக்கும். 55 இறாத்தல் மோட்டர் மணிக்கு 50 அம்பியர்-மணி (பற்றரியில் உள்ள மின்னை அளக்கும் அலகு) குடிக்கும் என்றால் 30 இறாத்தல் மோட்டருக்கு 30 போதும். ஆனால் பெரிய மோட்டரால் வேகம் அந்த அளவுக்கு அதிகரிக்காது. கனூ போகப்போகத் தானே எழுப்பும் அலையில் மாட்டிக்கொள்ளும். 16 அடிக் கனூ மணிக்கு 9, 10 கிலோமீற்றரை நெருங்கியபிறகு கொடுக்கும் விசையெல்லாம் தண்ணீரைக் கலக்கத்தான். எதிர்காற்றுக்குக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும் என்றால் 40 எடுங்கள். அதற்குமேல் கனூவுக்கு வேண்டாம்.

மோட்டரை விடப் பற்றரிக்குத்தான் காசு ஒதுக்க வேண்டும். கார் ஸ்டார்ட் பண்ணும் பற்றரி இதற்கு உதவாது. நீண்ட நேரம் மின் கொடுக்கும் டீப் சைக்கிள் ஈயப் பற்றரி 50 இறாத்தல் அளவு வரும். அதிலும் சார்ஜைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். 100 அம்பியர்-மணி லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி 30 இறாத்தலுக்குள் அடங்கும், கிட்டத்தட்ட முழுவதையும் பாவிக்கலாம். விலை கூடத்தான், ஆனாலும் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பற்றரிக்குப் பக்கத்தில், மோட்டர் நிறுவனம் சொல்லும் அளவில் மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிக்கும் ஒரு சேர்க்கிற் பிரேக்கர் போடுங்கள். ஓட்டுபவரும் மோட்டரும் பின்னால் இருக்கும்போது முன்முனை மேலே தூக்கும். அதனால் பற்றரியை நடுவிலோ முன்னாலோ வையுங்கள். அங்கிருந்து மோட்டர் வரையுள்ள தூரத்துக்கு ஏற்ற தடித்த வயரும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நான்கு பேருக்கும் அளவான லைஃப் ஜக்கெற். பிள்ளைகளுடையதை அவர்களின் நிறைக்கு ஏற்ப எடுக்கவேண்டும். வளர்ந்தபிறகும் போடலாம் என்று பெரிதாக எடுத்தால் தண்ணீரில் அது தலைக்குமேல் கழன்றுவிடும்.

கேள்வி (மார்க்கம்): பெற்றோல் மோட்டர்தான் நல்லது, 2.5 குதிரைவலு எடு என்று சித்தப்பா சொல்கிறார். மின்மோட்டர் விளையாட்டுச் சாமானாம்.

பதில்: சித்தப்பா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. 2, 2.5 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டர் 30 இறாத்தல் அளவுதான். மின்மோட்டரையும் ஈயப் பற்றரியையும் சேர்த்தால் அதைவிடப் பாரம். பற்றரி தீர்ந்தால் கரைக்குப் போய் மணிக்கணக்காகச் சார்ஜ் ஏற்றவேண்டும். பெற்றோல் என்றால் ஒரு கேனோடு நாள் முழுக்க ஓடலாம். பெரிய ஏரியில் பத்து கிலோமீற்றர் தள்ளிப் போகிறவருக்கு நானும் பெற்றோலைத்தான் சொல்வேன், அதுவும் தட்டைப் பின்முனைக் கனூவில்.

கூர்முனைக் கனூவில் பக்கவாட்டுச் சட்டம் போட்டுப் பூட்டப் போகிறீர்கள் என்றால் என் பதில் வேறு. பாரம் ஒரு பக்கம் தொங்கும். பின்னால் திரும்பிக் கயிற்றை வெடுக்கென்று இழுத்து ஸ்டார்ட் பண்ணவேண்டும். கனூ கவிழ அந்த ஓர் இழுப்புப் போதும். அந்தச் சட்டத்தையும் அது தாங்கும் மோட்டரையும் கனூ செய்த நிறுவனத்திடம் கேட்காமல் வாங்காதீர்கள். அமைதியான குடாவில் மீன் பிடிக்க மின்மோட்டர் தாராளம். சத்தமும் இல்லை, பழைய பெற்றோல் காபரேற்றரில் பிசினாகப் படியும் தொல்லையும் இல்லை.

கேள்வி (பிரம்ரன்): ஊரில் வள்ளம் ஓட்டியவன் நான். சின்ன மின்மோட்டருக்கும் லைசன்ஸ் வேண்டுமா?

பதில்: வேண்டும். மோட்டர் பூட்டிய எந்தப் பொழுதுபோக்குப் படகை ஓட்டவும் தகுதிச் சான்று அவசியம். மின்மோட்டருக்கும் அதே விதி. பெரும்பாலானோர் எடுப்பது படகு ஓட்டுநர் அட்டை. இணையத்திலேயே படித்துப் பரீட்சை எழுதலாம், ஒருமுறை எடுத்தால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். படகுக்கு எழுதும் பதிவிலக்கம் வேறு விஷயம். 10 குதிரைவலுவுக்குக் குறைந்த மோட்டர் பூட்டிய உங்கள் கனூவுக்கு அது தேவையில்லை. லைஃப் ஜக்கெற்றோடு 15 மீற்றர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரம், விசில், டோர்ச், துடுப்பு எல்லாம் படகில் இருக்கட்டும். பியர் கரைக்கு வந்தபிறகு. போதையில் படகு ஓட்டுவது இங்கே குற்றவியல் குற்றம், கார் லைசன்ஸும் போகும்.

கடல் அனுபவம் காற்றையும் அலையையும் படிக்க உதவும். ஆனால் வள்ளத்தில் எழுந்து நிற்பதுபோல் கனூவில் நிற்காதீர்கள். மே மாதத் தண்ணீரின் குளிர் விழுந்தவுடன் மூச்சை அடைத்துவிடும், நீச்சல் தெரிந்தவருக்கும்தான்.

கேள்வி (மிசிசாகா): அல்கொன்குயின் பூங்காவுக்கு மோட்டரோடு போகலாமா?

பதில்: சில ஏரிகளில் மட்டும், அங்கும் சிலவற்றில் குதிரைவலுக் கட்டுப்பாடு உண்டு. உட்புற ஏரிகளில் பெரும்பாலும் முடியாது. போகும் ஏரியின் விதியைப் பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அங்கேதான் அதிகம் போவீர்கள் என்றால் மோட்டர்க் காசைக் கெவ்லாரில் போடுவது புத்தி.

கேள்வி (ஏஜக்ஸ்): 16 அடி றோயலெக்ஸ் கனூ, 900 டொலர் என்று விளம்பரம். நம்பி வாங்கலாமா?

பதில்: றோயலெக்ஸ் என்பது நடுவில் நுரை வைத்த பல அடுக்குப் பிளாஸ்ரிக். இப்போது அது உற்பத்தியில் இல்லை, நிறுத்திப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் நல்ல பொருள், பாறையில் இடித்தாலும் மடங்கி நிமிரும். பகல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பாருங்கள். வெளித்தோல் தேய்ந்து உள்ளே நுரை தெரிகிறதா? விளிம்பில் மரச்சட்டம் இருந்தால் ஆணிகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா? குளிர்காலத்தில் மரமும் பிளாஸ்ரிக்கும் வேறு வேறு அளவில் சுருங்குவதால் அங்கேதான் வெடிக்கும். அடியைக் கையால் அழுத்தும்போது ஓரிடம் மட்டும் மெத்தென்று இருந்தால் விட்டுவிடுங்கள்.

பின்முனையின் வலப்பக்கத்தில் 12 எழுத்தும் எண்ணுமாகப் படகின் உடல் அடையாள இலக்கம் இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் திருட்டுப் பொருளாக இருக்கலாம். இலக்கத்தையும் விற்பவர் பெயரையும் எழுதி இருவரும் கையெழுத்து வைத்த பற்றுச்சீட்டு வாங்குங்கள். தனி ஆளிடம் வாங்கும் பொருளுக்கு ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வராது. பழுது தெரிந்தபிறகு அவர் போன் எடுக்காவிட்டால் சிறு உரிமைகோரல் நீதிமன்றம்தான் வழி. 900 டொலருக்கு யார் அலைவது?

மோட்டரும் லிதியம் பற்றரியும் சேர்த்துத் தருவதாகச் சொன்னால், குளிர்காலத்தில் பற்றரி எங்கே இருந்தது, எப்போது சார்ஜ் ஏற்றினார் என்று கேளுங்கள். அந்த வகைப் பற்றரியை 0 பாகைக்குக் கீழே சார்ஜ் பண்ணினால் உள்ளே கெட்டுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு அதில் இல்லாமல், ஷெட்டில் வைத்துச் சார்ஜிலேயே விட்டிருந்தேன் என்று அவர் பெருமையாகச் சொன்னால், பற்றரிக்குத் தனியாக ஒரு டொலரும் கொடுக்காதீர்கள்.