அடியில் சிக்கும் நூல்: பாபினைக் குறை சொல்லும் முன்

கேள்வி: வீட்டுத் தையல் மெஷினில் ரவிக்கை தைக்கும்போது துணிக்கு அடியில் நூல் கற்றை கற்றையாகச் சிக்குகிறது. அடிநூல் சுற்றிய சிறு உருளையான பாபினை மாற்றியும் தீரவில்லை. அது உட்காரும் கூடான பாபின் கேஸையும் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். அடியில் சுருளும் நூல் பெரும்பாலும் பாபினுடையதே அல்ல; மேலே நூல்கண்டிலிருந்து வருவது. சந்தேகமாக இருந்தால் மேலே சிவப்பு நூலும் பாபினில் வெள்ளை நூலும் போட்டு, ஒரு பழந்துணியில் சாண் நீளம் தைத்துப் பாருங்கள். கற்றையில் சிவப்புதான் மிகுதியாக இருக்கும்.

ஊசி இறங்கி மேலேறத் தொடங்கும்போது அடியில் சிறு வளையம் விழுகிறது. அடியில் சுழலும் ஷட்டில் என்ற பாகத்தின் கொக்கி அதைப் பிடித்து பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டுவருகிறது. அந்த வளையத்தை மேலே இழுத்து இறுக்குவது மெஷினின் முகப்பில் ஏறி இறங்கும் கம்பி. மேல்நூலில் பிடிப்பு இல்லாவிட்டால் வளையங்கள் இழுபடாமல் அடியிலேயே குவிந்துவிடும்.

பிடிப்பு போவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம், துணியை அழுத்தும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோப்பது. அப்போது மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும். நூல் நடுவே நுழையாமல் விளிம்பிலேயே நின்றுவிடும். பிறகு அந்தத் தட்டுகளின் திருகை எவ்வளவு முறுக்கினாலும் பயன் இல்லை. நூலை முழுவதும் உருவிவிட்டு, பாதத்தைத் தூக்கி மறுபடி கோத்துக்கொள்ளுங்கள். ஏறி இறங்கும் கம்பியின் துளையை விட்டுவிடாதீர்கள். அது தப்பினாலும் இதே தொல்லைதான். கோத்து முடித்துப் பாதத்தை இறக்கி நூலை இழுத்தால் ஊசி லேசாக வளையும் அளவுக்குப் பிடிப்பு தெரிய வேண்டும். முதல் சில தையல்களில் மட்டும் சிக்குகிறது என்றால், தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கம் பிடித்துக்கொண்டாலே போதும்.

அந்தச் சோதனையில் பாபினின் வெள்ளை நூல் துணியின் மேல்பக்கம் புள்ளி புள்ளியாக எட்டிப்பார்த்தால் மட்டும் பாபின் கேஸை எடுத்துப் பாருங்கள். மேல் டென்ஷன் மிகையாக இருந்தாலும் அப்படி வரும். அதைச் சற்றுத் தளர்த்தியும் சரியாகவில்லை என்றால் கேஸைச் சோதிக்கலாம். பாபினை உள்ளே போட்டு, நூல் முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சும்மா இருக்கும்போது நிற்க வேண்டும். மெல்ல உதறினால் இரண்டு விரற்கடை இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று ஓடினால், முதலில் கேஸின் வெளிப்புறம் நூலை அழுத்தும் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் கெட்டித்தாளின் முனையை விட்டுப் பஞ்சுத் தூசியை எடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். திருகத்தான் வேண்டும் என்றால் அந்தத் தகட்டில் இருக்கும் பெரிய திருகை மட்டும், கால் சுற்றுக்கும் குறைவாக, வலப்பக்கம் திருப்புங்கள். சிறிய திருகு தகட்டைப் பிடித்திருப்பது, அதைத் தொடாதீர்கள்.

பாபினில் கையால் நூல் சுற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஓரிடத்தில் தளர்வும் ஓரிடத்தில் இறுக்கமுமாக இருந்தால் தையலும் அப்படியே வரும். மெஷினில் சுற்றும்போதும் விளிம்பு வரை நிரப்பாதீர்கள். பாலியெஸ்டர் நூலை மிதமான வேகத்தில் சுற்றுங்கள். இழுபட்டுச் சுற்றிய நூல் தைத்த பிறகு சுருங்கி, ரவிக்கையின் தையலோரம் சுருக்கம் விழும்.

புதிய பாபின் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். தொழிற்கூடங்களில் ஓடும் பவர் மெஷினின் பாபினும் வீட்டு மெஷினின் பாபினும் ஒரே அளவல்ல.