‘போட்டி’ என்ற ஒரு சொல்லும் ஆங்கிலத்தில் அதற்குள்ள பல சொற்களும்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் வாசகர் ஒருவர் எழுதுகிறார்: “நாங்கள் அனுப்பிய உடைகள் 5,000. வந்து சேர்ந்தவை 4,800 என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் குறித்திருந்தார். ‘உங்கள் நிறுவனத்துக்கும் எங்களுக்கும் கான்ஃப்ளிக்ட் உள்ளது’ என்று மின்னஞ்சல் எழுதினேன். எங்கள் சட்டப் பிரிவுடன் பேசுங்கள் என்று பதில் வந்துவிட்டது. அதே மின்னஞ்சலில் பக்கத்து நிறுவனத்தை ‘ரைவல்’ என்று குறிப்பிட்டதும் தவறு என்கிறார் மேலாளர். அகராதியிலோ எல்லாவற்றுக்கும் போட்டி, மோதல், சண்டை என்றே இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?”

அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால், அந்தச் சொல் யாருக்கு இடையில் வரும், எதன் பொருட்டு வரும் என்பதை அது சொல்வதில்லை. முதலில் ‘கான்ஃப்ளிக்ட்’. இதைக் கேட்டதும் நம் மனத்தில் மோதல் என்ற சொல் தோன்றுகிறது. இலத்தீன் மூலத்துக்கும் ஒன்றோடொன்று மோதுதல் என்பதே பொருள். ஆனால், இன்றைய அலுவலக ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய தமிழ்ச்சொல் ‘முரண்’. ஒரே பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டு கூட்டங்கள் அமைந்துவிட்டால் அதுவும் கான்ஃப்ளிக்ட்தான். அங்கே யாரும் யாரோடும் சண்டையிடவில்லை. ‘கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரெஸ்ட்’ என்பதும் அப்படியே: கொள்முதல் அதிகாரியின் மைத்துனர் நூல் வியாபாரியாக இருந்தால், இருவரும் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும் அந்த முரண் இருக்கவே செய்யும். இரண்டு தேதிகள், இரண்டு விதிகள், இரண்டு கணக்குகள் முரண்படுகின்றன என்று எழுதுவதில் பிழையில்லை. ஆனால், ‘உங்களுக்கும் எங்களுக்கும்’ என்று மனிதரையோ நிறுவனத்தையோ இருபுறமும் நிறுத்திவிட்டால், அதே சொல் பகையாக ஒலிக்கத் தொடங்கிவிடும். நாடுகளை நிறுத்தினால் போர் அளவுக்கே போய்விடும். போர்ப் பிரகடனம் இல்லாத சண்டையையும் உள்ளடக்குவதற்காகவே 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் ‘ஆர்ம்டு கான்ஃப்ளிக்ட்’ என்ற தொடரைக் கையாண்டன. உங்கள் வாடிக்கையாளர் சட்டப் பிரிவை நாடியதில் வியப்பில்லை.

எண்ணிக்கை பொருந்தாதபோது எழுத வேண்டிய சொல் ‘டிஸ்கிரெபன்சி’. அது கணக்கை மட்டுமே சுட்டும், ஆளைச் சுட்டாது. ‘டிஸ்ப்யூட்’ என்று மாற்றிவிடலாமே என்று தோன்றலாம், அவசரப்பட வேண்டாம். அது ‘உங்கள் கணக்கை நாங்கள் ஏற்கவில்லை’ என்ற அறிவிப்பு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருந்ததும் அந்தச் சொல்தான். பேசிப் பார்த்துச் சரிவராத பிறகு அதைப் பயன்படுத்துங்கள்.

‘ரைவல்’ சுவையான சொல். ஒரே ஓடையில் நீர் எடுப்பவர் என்பது அதன் இலத்தீன் மூலத்தின் பொருள். முறை வைத்து வாய்க்கால் நீர் பாய்ச்சும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நம்முடைய ‘பங்காளி’யும் பங்கு பெறுபவர் என்ற இடத்திலிருந்து பங்காளிக் காய்ச்சல் வரை வந்து சேர்ந்த சொல்தானே! ஆகவே, ரைவல் என்றால் ஏறத்தாழச் சமமானவர், நெடுநாளாக நம்மைக் கவனித்துக்கொண்டிருப்பவர், நாமும் கவனித்துக்கொண்டிருப்பவர் என்றெல்லாம் அதில் அடங்கும். அதே சந்தையில் அதே சரக்கை விற்பவர் வெறும் ‘காம்பெடிட்டர்’. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவே வேண்டியதில்லை. வணிகக் கடிதத்தில் இதுவே பொருந்தும். உங்கள் மேலாளர் சொன்னது சரி.

‘காம்பெடிஷன்’ என்பதில் பகை இல்லை. இருவரும் நாடும் மூன்றாவது பொருள் ஒன்று உண்டு, அது ஆர்டராகவோ பரிசாகவோ வேலையாகவோ இருக்கலாம். இந்தியாவின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் காம்பெடிஷனைக் காக்க வேண்டிய நன்மையாகவே கருதுகிறது. இதனால்தான் ‘காம்பெடிட்டிவ் பிரைஸ்’ என்பதைப் ‘போட்டி விலை’ என்று பெயர்த்தால் பொருள் விளங்குவதில்லை. மற்றவர்கள் கேட்கும் விலையோடு ஒப்பிட்டால் வாங்குபவருக்குக் கட்டுபடியாகும் விலை என்பதே அதன் கருத்து.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இன்னொரு பள்ளம் உண்டு. ‘போட்டிக் கூட்டம்’, ‘போட்டி அரசு’ என்று நாளிதழ்கள் எழுதும்போது அந்தப் ‘போட்டி’ காம்பெடிஷன் அன்று. அங்கே ‘ரைவல் மீட்டிங்’, ‘ரைவல் கவர்ன்மென்ட்’ என்றுதான் எழுத வேண்டும்.

‘ஃபைட்’ என்ற வினையோடு ‘வித்’ சேர்ப்பதிலும் எச்சரிக்கை தேவை. ‘பிரிட்டன் ஃபாட் வித் ஃபிரான்ஸ்’ என்ற தொடர் 1815ஆம் ஆண்டின் வாட்டர்லூ போருக்கும் பொருந்தும், 1914இல் தொடங்கிய முதல் உலகப் போருக்கும் பொருந்தும். முன்னதில் ஃபிரான்ஸ் எதிரி, பின்னதில் தோழன். எதிரி என்றால் ‘அகென்ஸ்ட்’ என்று எழுதிவிட்டால் குழப்பம் தீரும்.

உங்கள் வாக்கியத்தை இப்படித் திருத்தி அனுப்பலாம்: ‘வீ ஹேவ் நோட்டீஸ்டு எ டிஸ்கிரெபன்சி ஆஃப் 200 பீசஸ் பிட்வீன் அவர் பேக்கிங் லிஸ்ட் அண்ட் யுவர் ரிசீப்ட்.’ பக்கத்து நிறுவனத்தைப் பற்றிய வரியை அப்படியே நீக்கிவிடுங்கள். 200 உடைகளைத் தேடும் கடிதத்தில் அதற்கு வேலையில்லை.