இல்ஃபோர்ட் ஃபிளாட்டில் வாடகைக்கு ஆள் இருக்கிறது, வங்கிக்குத் தெரியாது

கேள்வி: அக்கா, 2017 ஜூனில் இல்ஃபோர்டில் இரண்டு அறை ஃபிளாட் ஒன்று வாங்கினோம். கணவருக்கு வேலை மாறியதால் 2024 ஜூனில் மில்டன் கீன்ஸுக்கு வந்து வாடகை வீட்டில் இருக்கிறோம். ஃபிளாட்டைத் தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு மாதம் 1,500 பவுணுக்கு விட்டிருக்கிறோம். கடன் இன்னும் 220,000 பவுண் மிச்சம், ஃபிக்ஸட் வட்டி ஐந்து மாதத்தில் முடிகிறது. கணவர் 40% வரி கட்டுபவர், நான் பகுதிநேர வேலை. வங்கிக்கு எதுவும் சொல்லவில்லை. "தவணை ஒழுங்காகப் போகுதுதானே, அவங்கள் ஏன் கேட்கப்போறாங்கள்" என்கிறார் இவர். வாடகைக்கு விடும் வீட்டுக்கென்று தரும் பை-டு-லெட் மோர்ட்கேஜுக்கு மாறத்தான் வேண்டுமா? இரண்டு மூன்று வருடத்தில் திரும்பிப் போகும் எண்ணமும் இருக்கிறது.

பதில்: முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள் தங்கச்சி, ஐந்து மாதம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே சொல்லுங்கள்.

நீங்கள் கையெழுத்து வைத்தது நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கான கடனில். அனுமதி கேட்காமல் வாடகைக்கு விட்டால் அது ஒப்பந்தத்தை மீறியதாகத்தான் கணக்கு, தவணை ஒரு நாள்கூடப் பிந்தாமல் போனாலும் சரி. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பயம் இன்சூரன்ஸ். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் குளியலறைக் குழாய் வெடித்து, கீழே குசினிக் கூரை ஊறிப்போய் ஒரு பக்கம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, நானே போய்ப் பார்த்தேன். இன்சூரன்ஸ்காரர் போனில் கேட்ட முதல் கேள்வி, "இப்போது அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?" அந்த ஒரு பதிலோடு கிளெய்ம் நின்றுபோனது. ஃபிளாட் என்றால் கட்டட இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஃப்ரீஹோல்டர், அதாவது கட்டடத்தின் சொந்தக்காரர், பக்கம் இருக்கும், ஆனாலும் வாடகைக்கு விட்டிருப்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும். அப்படியே உங்கள் லீஸையும் (ஃபிளாட்டின் குத்தகைப் பத்திரம்) எடுத்து வாசியுங்கள், உள்வாடகைக்கு விட ஃப்ரீஹோல்டரின் அனுமதி வேண்டும் என்று பல லீஸ்களில் எழுதியிருக்கும்.

வங்கியிடம் நீங்கள் கேட்க வேண்டியது "கன்சென்ட் டு லெட்", அதாவது இருக்கிற கடனிலேயே வாடகைக்கு விட அனுமதி. சில வங்கிகள் ஒரு கட்டணம் கேட்கும், சில வட்டியைக் கொஞ்சம் கூட்டும். பெரும்பாலும் ஒரு வருடத்துக்கோ ஃபிக்ஸட் முடியும் வரைக்குமோ தருவார்கள். உங்களுக்கு அந்த ஐந்து மாதத்துக்கு அது போதும், ஃபிக்ஸட் முடியும் முன் கடனை மாற்றி முன்கூட்டிய அடைப்புக்கு அபராதம் கட்டவும் வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு மாறுவதா என்பதுதான் உண்மையான கேள்வி. பை-டு-லெட்டில் உங்கள் சம்பளத்தைவிட வாடகையைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். பொதுவாக 5.5% வட்டி என்று வைத்துக்கொண்டு, அந்த வட்டியைப் போல 125% வாடகை வருகிறதா என்று பார்ப்பார்கள், 40% வரி கட்டுபவர் என்றால் 145%. உங்கள் 220,000-க்கு 5.5% என்றால் மாதம் 1,008 பவுண், அதன் 145% 1,462. உங்கள் வாடகை 1,500, தப்பித்துவிட்டீர்கள். ஆனால் வங்கி 6% வைத்துப் பார்த்தால் 1,595 வேண்டும், அங்கே நின்றுவிடும். ஐந்து வருட ஃபிக்ஸட் எடுத்தால் பல வங்கிகள் இந்தக் கணக்கைத் தளர்த்திப் பார்க்கும், சரி, ஆனால் மூன்றாம் வருடம் திரும்பி வருவோம் என்கிறீர்களே, அப்போது அபராதம் வந்து நிற்கும். அதனால் உங்களுக்கு இரண்டு வருடம்தான் பொருத்தம் என்பது என் எண்ணம். கடனும் வீட்டுப் பெறுமதியில் 75%-க்குள் இருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள், அப்படியென்றால் ஃபிளாட் ஏறத்தாழ 293,000 பவுணுக்காவது போக வேண்டும். இன்னொன்று, நீங்கள் முன்பு குடியிருந்த வீடு என்பதால் இது "கன்ஸ்யூமர் பை-டு-லெட்" (தொழிலாக இல்லாமல் வாடகைக்கு விடுபவருக்கானது) என்ற வகைக்குள் வரலாம், எல்லா வங்கியும் அதைக் கொடுக்காது. புரோக்கரிடம் பேச்சை அதிலிருந்தே தொடங்குங்கள்.

இந்தக் கடன்கள் பெரும்பாலும் வட்டி மட்டும் கட்டுவது. தவணை குறைந்ததைப் பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள், ஆனால் வாங்கிய கடன் தொகை அப்படியே இருக்கும்.

இனி வரி. இதில்தான் நம்மவர்கள் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். 2020 ஏப்ரலில் இருந்து மோர்ட்கேஜ் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கவே முடியாது, வட்டியில் 20% மட்டும் கடைசியில் வரியில் குறைத்துக்கொள்ளலாம். வருட வாடகை 18,000, வட்டி 5% என்றால் 11,000. பேப்பரும் பேனாவும் எடுத்து இரண்டு பேருக்கும் பாதி பாதியாக எழுதிப் பாருங்கள். கணவர் தன் 9,000-க்கு 3,600 வரி, அதில் 1,100 குறைந்து 2,500. நீங்கள் 20% கட்டுபவர் என்றால் 1,800, அதில் 1,100 போக 700. மொத்த வரி 3,200. கையில் மிஞ்சுவது வருடத்துக்கு 3,800 பவுண். சர்வீஸ் சார்ஜ், இன்சூரன்ஸ், பழுதுச் செலவு எல்லாம் அதற்குள்தான், அவற்றைச் செலவாகக் காட்டினால் வரி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

2024 ஜூனில் இருந்து வந்த வாடகையைக் கணக்குக் காட்டினீர்களா? நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை, அதனால் கேட்கிறேன். காட்டவில்லை என்றால் வரித் துறையான ஹெச்எம்ஆர்சி-யின் "லெட் ப்ராப்பர்ட்டி கேம்பெய்ன்" வழியாக நீங்களாகவே போய்ச் சொல்லுங்கள், அவர்கள் தேடி வந்தால் அபராதம் கூடும்.

திரும்பி வருவது பற்றி: இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் எழுப்பும் செக்‌ஷன் 21 கிடையாது. நாங்களே குடிவரப்போகிறோம் என்று கேட்கலாம், ஆனால் நான்கு மாத நோட்டீஸ் வேண்டும், புதிய வாடகை என்றால் முதல் வருடத்துக்குள் முடியாது. தெரிந்த குடும்பம் என்பதால் வாடகை ஒப்பந்தம் எழுதாமல் விட்டிருந்தால் இப்போதே எழுதிவிடுங்கள். டெபாசிட் வாங்கியிருந்தால் அது பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் இருக்க வேண்டும், கேஸ் சான்றிதழ் வருடா வருடம், மின்சாரச் சோதனை ஐந்து வருடத்துக்கு ஒன்று. சில பகுதிகளில் கவுன்சில் லைசென்ஸும் வேண்டும். லண்டனின் நியூஹாம் கவுன்சில் 2013-லேயே தன் பகுதி முழுவதற்கும் கொண்டுவந்தது, உங்கள் கவுன்சிலின் இணையதளத்திலும் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள்.

வருவது நிச்சயம் என்றால் கன்சென்ட்டை நீட்டித் தர முடியுமா என்று உங்கள் வங்கியிடமே முதலில் கேளுங்கள். நிச்சயமில்லை என்றால் பை-டு-லெட்டுக்கு மாறிவிடுங்கள். வருடக்கணக்கில் ஒளித்துக்கொண்டு இருக்க வேண்டாம் அம்மா, ஒவ்வொரு கடிதம் வரும்போதும் நெஞ்சு பதறும்.

கேள்வி: அப்பாவைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருடம் கோயம்புத்தூர் போகிறேன். ஹாரோ வீட்டுக்கு பை-டு-லெட் கடன் ஏற்கெனவே இருக்கிறது. வாடகை நேரே என் கணக்குக்கு வரும். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் நீங்கள் "நான்-ரெசிடென்ட் லேண்ட்லார்ட்". ஏஜென்ட் இருந்தால் அவர், இல்லையென்றால் வாரம் 100 பவுணுக்கு மேல் வாடகை கட்டும் குடித்தனக்காரரே, அடிப்படை 20% வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். பாவம், அவருக்கு இது தெரிந்திருக்காது, பின்னால் பிரச்சினை அவர் தலையில் விழும். என்ஆர்எல்1 படிவம் நிரப்பி அனுமதி வாங்கிவிட்டால் வாடகை முழுதாக உங்கள் கைக்கு வரும், அப்புறம் வருடா வருடம் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். நீண்ட நாள் தங்கினால் இந்திய வரிக் கணக்கிலும் வரலாம், அங்கே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்குச் சில வங்கிகள் புதிய ஃபிக்ஸட் தராது, அதனால் விமானம் ஏறுவதற்கு முன்பே வங்கிக்குச் சொல்லி, உங்கள் ஃபிக்ஸட் எப்போது முடிகிறது என்பதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.