முதல் பேஸ் கிட்டார்: பணத்தை எங்கே போடுவது?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக அகூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். நண்பர்களுடன் தொடங்கியிருக்கும் இசைக்குழுவில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாததால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கையில் பணம் குறைவு. கிட்டாரும், அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்பும் ஒரே பெட்டியில் வரும் தொகுப்பை வாங்கலாமா? நான்கு தந்தியா, ஐந்து தந்தியா? என் விரல்கள் குட்டையானவை, அது தடையாகுமா? தம்பியிடம் இருக்கும் 15 வாட் கிட்டார் ஆம்பையே பயன்படுத்திக்கொள்ளலாமா?

பதில்: தொகுப்பை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதில் வரும் கிட்டார் பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கும், குறை ஆம்பில்தான். எட்டு அங்குலமோ அதற்கும் குறைவாகவோ ஒலிபெருக்கி வைத்த அந்தச் சிறிய பெட்டி உங்கள் அறைக்குப் போதும், ஆனால் டிரம்ஸ் ஒலிக்கும் இடத்தில் அது இருப்பதே தெரியாது. சில மாதங்களில் இன்னொரு ஆம்ப் தேட வேண்டியிருக்கும் என்பதால் முதல் ஆம்புக்குக் கொடுத்த பணம் வீணாகும். ஆகவே இப்போது இருக்கும் பணத்தை ஒரு நல்ல கிட்டாருக்கும் அதைச் சீராக அமைத்துத் தருவதற்கான கூலிக்கும் செலவிடுங்கள். ஆம்பைத் தள்ளிப் போடுங்கள்.

தந்திகளைப் பொறுத்தவரை நான்கே போதும். பேஸின் நான்கு தந்திகளும் உங்கள் கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளின் அதே ஈ, ஏ, டி, ஜி சுருதிகளில், ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பவை. எனவே எந்த ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) எந்த ஸ்வரம் என்று நீங்கள் ஏற்கெனவே கற்றது அப்படியே கைகொடுக்கும். ஐந்தாவதாகச் சேரும் பி தந்தி 31 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிப்பது. விலை குறைந்த கருவிகளில் அது பல நேரம் தொய்வாகவும் தெளிவற்றும் இருக்கும். சிறிய ஒலிபெருக்கிகளால் அதை உருப்படியாக ஒலிக்கவும் முடியாது. வாசிக்காத தந்தி அதிராமல் அடக்கிவைப்பதே தொடக்கத்தில் பெரிய வேலை என்னும்போது, இன்னொரு தந்தியைச் சேர்த்துக்கொள்வானேன்?

விரல் நீளம் பற்றிய கவலை பலருக்கும் உண்டு. வழக்கமான பேஸில், கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து உடல்மீது அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். உங்கள் அகூஸ்டிக்கில் அது ஏறத்தாழ 25 அங்குலம்தான். முதல் ஃபிரெட்டுகள் எட்டாத தொலைவில் இருப்பதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஆனால் அங்கே நான்கு விரல்களையும் நான்கு ஃபிரெட்டுகளில் விரித்து வைக்க வேண்டிய கட்டாயமில்லை. டபுள் பேஸ் வாசிப்பவர்களைப் போல ஆள்காட்டி விரலுக்கு ஒன்று, நடுவிரலுக்கு ஒன்று, மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒன்று என மூன்று ஃபிரெட்டுகளை மட்டும் பிடித்து, கையை நகர்த்தி வாசிக்கலாம். அப்படியும் மணிக்கட்டு வலித்தால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸை வாசித்துப் பாருங்கள். அதைச் சிறுவர்களுக்கான கருவி என்று ஒதுக்குபவர்களின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை; தந்தி சற்றே தளர்வாக, ஒலி சற்றே உருண்டு வரும், அவ்வளவுதான்.

வகைகளில் முதலில் கண்ணில் படுபவை இரண்டு. ஃபெண்டர் நிறுவனம் 1951-இல் கொண்டுவந்த பிரசிஷன் பேஸுக்கு, இரண்டாகப் பிளந்த வடிவிலான இப்போதைய பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்) 1957-இல் வந்தது. அந்த அமைப்பு இரைச்சலைத் தானே நீக்கிக்கொள்ளும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் தனித்தனியான இரண்டு பிக்கப்புகள் உண்டு. ஒன்றின் ஒலியளவை மட்டும் குறைத்தால் மெல்லிய ரீங்கார இரைச்சல் கேட்கும். ஒலியைவிட உங்களுக்கு முக்கியமான வேறுபாடு வேறொன்று: ஜாஸ் பேஸின் கழுத்து நட்டருகே 38 மில்லிமீட்டர் அகலம்தான், பிரசிஷனில் பொதுவாக 41 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். குட்டை விரல்களுக்கு இந்த 3 மில்லிமீட்டர் பெரிய விஷயம்.

பெயர் சொல்லிக் கேட்டால், ஃபெண்டரின் மலிவு விலைப் பிரிவான ஸ்கொயரின் அஃபினிட்டி வரிசை, யமஹாவின் டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனேஸின் ஜிஎஸ்ஆர் 200 ஆகியவற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பின்னிரண்டிலும் மேற்சொன்ன இரு வகைப் பிக்கப்புகளிலும் ஒவ்வொன்று இருக்கும். ஐபனேஸில் 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஒலிமிகைப்பானும் உண்டு. கேபிளைச் செருகியே வைத்திருந்தால் வாசிக்காத நேரத்திலும் பேட்டரி தீரும். எந்த மரம், எந்தப் பூச்சு என்ற ஆராய்ச்சியை இந்த விலையில் செய்வது நேரத்தை வீணாக்குவதாகும்.

உண்மையில் ஒரு தொடக்கநிலை வாசிப்பாளரைத் தடுத்து நிறுத்துவது பிராண்டோ மரமோ அல்ல, தந்தியின் உயரமே. என் முதல் பேஸை ஓர் ஆண்டு முழுவதும் விரல் நோக வாசித்துவிட்டு, கோளாறு என் கையில்தான் என்று நம்பியிருந்தேன். அனுபவமுள்ள ஒருவர் ஆலன் சாவியால் பிரிட்ஜில் இருந்த சிறு திருகுகளைச் சுற்றித் தந்திகளை இறக்கிக் கொடுத்த அன்றே அது வேறு கருவியாகிவிட்டது. கடையில் 12-ஆவது ஃபிரெட்டுக்கும் தந்தியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்; 2 முதல் 2.5 மில்லிமீட்டர் என்றால் வசதியானது. பிறகு தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்திக்கொண்டு, நடுவே 7-ஆவது ஃபிரெட் அருகில் தந்திக்குக் கீழே ஒரு முகவரி அட்டை நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி இருக்கிறதா என்று கவனியுங்கள். அதிகமாக இருந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பியை முறுக்கி அதைச் சரிசெய்யலாம். இடைவெளி பெரிதாக இருப்பதற்காக ஒரு கிட்டாரை ஒதுக்க வேண்டாம், டிரஸ் ராட் சுழலாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள். பழைய கிட்டார் வாங்கும்போது இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வாங்கக் கூடாது. ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வருவது சிறிய குறையே, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

புதிதாக வாங்கினாலும் செட்டப் என்று சொல்லப்படும் இந்தச் சீரமைப்பைப் பணம் கொடுத்தாவது செய்துகொள்ளுங்கள். 12-ஆவது ஃபிரெட்டில் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே ஃபிரெட்டில் அழுத்தி எழுப்பும் ஸ்வரமும் ட்யூனரில் ஒன்றாகக் காட்டுகின்றனவா என்று பார்த்தால் வேலை ஒழுங்காக நடந்ததா என்பது தெரிந்துவிடும்.

இனி ஆம்ப். வாட் எண்ணிக்கை பெரும்பாலோரை ஏமாற்றுகிறது. 15 வாட்டை 30 வாட் ஆக்கினால் ஒலி இரு மடங்காகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கிடைப்பது 3 டெசிபல் உயர்வு மட்டுமே, அதாவது காது கவனித்தால் தெரியும் அளவு. ஒலி இரு மடங்கு பெரிதானதுபோல் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் தேவை. ஆகவே 20 வாட்டா 25 வாட்டா என்று ஒப்பிடுவதில் பயனில்லை. ஒலிபெருக்கியின் அளவையும் பெட்டியின் பருமனையும் பாருங்கள். ஈ தந்தியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அந்த அளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். எட்டு அங்குலக் கூம்பு அதில் திணறுகிறது. ஆனாலும் அதில் ஈ கேட்கிறதே என்றால், 82, 123 என மேலே எழும் துணை அதிர்வுகளைக் கொண்டு இல்லாத அடியொலியை நம் செவியும் மூளையும் தாமே நிரப்பிக்கொள்கின்றன. தனியறையில் இது போதும். டிரம்ஸும் இரண்டு கிட்டார்களும் சேரும்போது அந்தத் துணை அதிர்வுகளும் அமுங்கிவிடுவதால் பேஸ் காணாமல் போகிறது.

இதனால்தான் தொடக்கத்தில் ஹெட்ஃபோனைப் பரிந்துரைக்கிறேன். கிட்டாரில் நேரடியாகச் செருகும் சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்றும், காதை மூடும் ஓரளவு நல்ல ஹெட்ஃபோனும், எட்டு அங்குல ஆம்பைவிட உண்மையான தாழ்ந்த ஒலியைத் தரும். பாடல்களோடு சேர்ந்து வாசிக்கவும் வசதி. பக்கத்து அறைக்காரருக்கும் தொல்லையில்லை. குழுப் பயிற்சி நடக்கும் இடத்தில் பாடகரின் மைக்குக்கான பிஏ ஒலிபெருக்கி அமைப்பு இருந்தால், கிட்டாரின் மின்சைகையை அதற்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறிய டிஐ பாக்ஸ் வழியாக உங்கள் பேஸையும் அதிலேயே இணைத்துச் சில மாதங்கள் ஓட்டலாம். ஒலிபெருக்கிகள் சிறியவையாக இருந்தால் மட்டும் ஒலியளவில் அடக்கம் தேவை. பிறகு பணம் சேர்ந்ததும், 12 அல்லது 15 அங்குல ஒலிபெருக்கியும் குறைந்தது 100 வாட்டும் உள்ள பேஸ் ஆம்பைப் பழையதாகவே வாங்குங்கள். ஃபெண்டர் ரம்பிள் 100 இந்த அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் டிரம்மர் ஓங்கி அடிப்பவரானால் அதுவும் போதாமல் 200 வாட்டுக்கு மேல் போக வேண்டியிருக்கும் என்பதால், வாங்கும் முன் அவர் கையின் வேகத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தம்பியின் கிட்டார் ஆம்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேச்சுக்குரல் அளவு ஒலியில், ஆம்பில் தாழ்ந்த ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ‘பேஸ்’ குமிழை நடுவுக்குக் கீழே வைத்து வாசித்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கிட்டாருக்கென்று செய்த கூம்பு இவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு முன்னும் பின்னும் அசைந்துகொடுக்கும்படி அமைக்கப்பட்டதல்ல. ஒலியளவைக் கூட்டினால் கிழியவும் கூடும். தந்தியைச் சுண்டும்போது படபடவென்று தாள் அடித்துக்கொள்வதுபோல் சத்தம் வந்தால் உடனே குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தம்பிக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்கிக் கொடுக்கும் செலவும் உங்கள் கணக்கில் சேரும்.